கத்திரி வைக்கிறதுக்கு முன்னாடி

அம்மாவின் அளவு நோட்டுகள் மொத்தம் பதினாறு. நீளவாக்கில் திறக்கிற கணக்கு நோட்டுகள், ஓரமெல்லாம் மெஷின் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு ‘உ’. கீழே உயரம், மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று எண்கள். இதுவரைக்கும் எந்த டெய்லர் நோட்டிலும் இருப்பதுதான். அம்மாவின் நோட்டில் மட்டும் பிள்ளையார் சுழிக்கும் எண்களுக்கும் நடுவே ஒரு வரி கூடுதலாக இருக்கும்.

“டீச்சர். போர்டுல எழுதுவாங்க.”

“கைக்குழந்தை இருக்கு. முன்னாடி கொக்கி.”

“பொண்ணு பாக்க வராங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள.”

“வளர்ற புள்ள. உள்ள ஒரு இஞ்சு விடணும்.”

இந்த வரிக்குத்தான் எண்கள் கட்டுப்படும். போர்டில் எழுதுகிறவருக்குக் கைக்குழியைக் கீழே இறக்கி வெட்டக் கூடாது. இறக்கினால் கையைத் தூக்கும்போதெல்லாம் ஜாக்கெட்டும் சேர்ந்து மேலே ஏறும். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அந்த அம்மா ஒரு கையால் எழுதி மறு கையால் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். அதே மார்பளவு, அதே தோளளவு உள்ள இன்னொருத்திக்கு, நாளெல்லாம் உட்கார்ந்து பூக் கட்டுகிறவளுக்கு, வெட்டு வேறு.

துணியை மடித்துப் போட்டு, சாக்கால் கோடு கிழித்து முடித்ததும் அம்மா கத்திரியைக் கையில் எடுப்பாள். எடுத்ததும் வெட்டமாட்டாள். அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுவாள். “டீச்சரம்மாவுக்கு. கை தூக்கணும்.” அப்புறம்தான் கரக் கரக்கென்று சத்தம் கேட்கும். தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்று சின்ன வயதில் நான் கேலி செய்திருக்கிறேன்.

“சிரிக்காதடா. கோடு தப்பாப் போட்டா தட்டி விட்டுடலாம். கத்திரி பட்டா பட்டதுதான்.”

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், அப்பாவோடு ஏதோ வாக்குவாதம். பேசிக்கொண்டே, சொல்லாமல் வெட்டிவிட்டாள். பட்டு ஜாக்கெட். இரண்டு கையும் வலக் கை. உள்பக்கம் வெளிப்பக்கம் பார்த்து எதிரெதிராக வெட்ட வேண்டியதை ஒரே பக்கமாக வெட்டியிருந்தாள். அந்த நிறத்தில் துணி தேடி அவள் கடை கடையாக ஏறி இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மிஞ்சிப்போன அந்த வலக் கையைத் தூக்கிப் போடவில்லை. உள்ளே பஞ்சடைத்து இரண்டு முனையும் தைத்து, ஊசி குத்திவைக்கிற மெத்தை ஆக்கிக்கொண்டாள். இன்றைக்கும் மெஷின் மேல் இருப்பது அதுதான்.

நான் துணி வெட்டவில்லை. நோட்டீஸ் அடிக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் டி.டி.பி. ஆளாகச் சேர்ந்து, பிறகு டிசைனர் என்று பெயர் மாறி, இப்போது வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி. எப்போதாவது ஒரு புத்தக அட்டை. அது வந்தால் இரண்டு நாளைக்கு நான் கலைஞன்.

2016இல் ஒரு கண் சிகிச்சை முகாமுக்கு பிட் நோட்டீஸ் போடும் வேலை வந்தது. ஐயாயிரம் பிரதி. இலவசப் பரிசோதனை, கண்புரை இருந்தால் இலவச ஆபரேஷன், கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவதற்கு வண்டி. நல்ல காரியம். அந்தச் சமயம் நான் வெளிநாட்டு டிசைன்களை வெறித்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலி இடம், மெல்லிய எழுத்து, அடங்கிய நிறம். நம்மூர் நோட்டீஸ்களின் மஞ்சளும் சிவப்பும் கண்ணைக் குத்துவதாக எனக்கு ஒரு எரிச்சல். ஊருக்கே காட்டிவிடுவது என்று முடிவுகட்டி, இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். ஆர்ட் பேப்பர். நடுவில் கோட்டோவியமாக ஒரு கண். அதற்குக் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில், 9 பாயிண்டில், லைட் எழுத்தில் ஒரு கேள்வி: ‘உங்களுக்குப் பார்வை மங்கலாகத் தெரிகிறதா?’

முகாம் நடத்தியவர்கள் ப்ரூஃப் பார்த்து ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்கள். அச்சக முதலாளியும் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரியும் என்பது யாருக்குமே உறைக்கவில்லை.

நோட்டீஸ் செய்தித்தாளோடு போன அன்றைக்குக் காலையில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பாராட்டு காதில் விழுமா என்ற ஆசைதான், வேறென்ன. ஒரு பெரியவர் நோட்டீஸை எடுத்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். மூக்குக்கு நேரே கொண்டுவந்தார். வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், “என்னப்பா இது, ஒண்ணுமே எழுதாம குடுத்திருக்கான்” என்று சொல்லிவிட்டு வடையை அதில் வைத்துப் பிழிந்தார். ஆர்ட் பேப்பர் இல்லையா, எண்ணெயைக்கூட அது உறிஞ்சவில்லை.

அந்த இரண்டு ராத்திரி உட்கார்ந்தபோது என் மனதில் என்ன இருந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ‘நல்லா வரணும்’ என்பதுதான் இருந்தது. அதை எண்ணம் என்று சொல்ல முடியுமா? வேண்டுதல் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதில் யாரும் இல்லை, எதற்கு என்பதும் இல்லை. என்னைத் தவிர வேறு ஆளே இல்லை. கோயிலில் தேங்காய் பழத்தட்டை நீட்டினால் குருக்கள் கேட்கிற முதல் கேள்வி “யார் பேருக்கு?” என்பது. பேர், நட்சத்திரம், கோத்திரம் சொல்லாமல் தட்டு உள்ளே போகாது. யாரும் தோன்றாவிட்டால் “சாமி பேருக்கே பண்ணுங்க” என்றாவது சொல்லியாக வேண்டும். நான் அந்த நோட்டீஸை என் பேருக்கே அர்ச்சனை பண்ணியிருக்கிறேன்.

இந்தக் கேள்வியைத் தமிழ் இலக்கணம் எப்போதோ கேட்டு வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நன்னூல் சூத்திரங்களில் எனக்குத் தங்கிப்போனவை சில. அதில் ஒன்று பாயிரம், அதாவது நூலின் முகவுரை, பற்றியது.

ஆக்கியோன் பெயரே வழியே எல்லை
நூற்பெயர் யாப்பே நுதலிய பொருளே
கேட்போர் பயனோடு ஆயெண் பொருளும்
வாய்ப்பக் காட்டல் பாயிரத் தியல்பே

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் போட்ட எட்டுக் கேள்விகள். செய்தவன் யார், எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, என்ன பெயர், எப்படிக் கட்டியது, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு, என்ன பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகச் சொல்கிறவர்களும் உண்டு என்று அடுத்த சூத்திரம் சொல்கிறது. ஆயிரம் முகமாக விரிந்தாலும் பாயிரம் இல்லாதது நூலே இல்லை என்று கறாராக இன்னொன்று. பரீட்சையில் எட்டையும் வரிசை மாறாமல் எழுதினால் முழு மார்க். எட்டும் எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டீக்கடையிலிருந்து வந்த அன்று அந்த எட்டில் மூன்றை மட்டும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டரின் அடியில் ஒட்டினேன். கேட்போர். பயன். எல்லை. மற்ற ஐந்தும் என் வேலைக்குத் தானாக வந்துவிடும். எல்லையை மட்டும் கொஞ்சம் வளைத்துக்கொண்டேன். தொல்காப்பியப் பாயிரத்தில் வடவேங்கடம் தென்குமரி என்று வருகிறதே, அப்படி நூல் வழங்குகிற நிலப்பரப்பைத்தான் இலக்கணக்காரர்கள் எல்லை என்கிறார்கள். எனக்கு அது, வேலை எங்கே நிற்க வேண்டும் என்பது. டிசைன் வேலையில் இதுதான் பெரிய வியாதி. பத்திரிகையில் மயில் சரியாக இருக்கிறது, ஆனாலும் தோகையில் இன்னொரு இழை போட்டால் என்ன? இப்படியே விடிந்துவிடும். இப்போது ஃபைலைத் திறப்பதற்கு முன் ஒரு வரி எழுதுகிறேன்: ‘பையனின் தாத்தா கண்ணாடி இல்லாமல் மண்டபத்தின் பெயரைப் படிக்க வேண்டும். இரண்டு மாதிரி, மூன்றாவது கிடையாது.’ சலிப்பாகத்தான் இருக்கிறது, அழகான வரி ஒன்றும் இல்லை. அளவு நோட்டில் அம்மா எழுதியதும் அழகுக்காக இல்லை.

வீட்டு வேலைக்கும் இதைப் பழக்கிப் பார்த்தேன். பாதி பலித்தது. போனை எடுப்பதற்கு முன் ‘கரண்ட் பில் கட்ட’ என்று சொல்லிக்கொண்டு எடுத்தால், நாலு தடவையில் மூன்று தடவை பில் கட்டிவிட்டு வைத்துவிடுகிறேன். சொல்லாமல் எடுத்தால் யாரோ ஒருவர் ஏதோ ஊரில் மீன் குழம்பு வைக்கிறதை முக்கால் மணி நேரம் பார்க்கிறேன், பில் அப்படியே கிடக்கிறது. சமையலறையில் இது செல்லுபடியாகவில்லை. ரசத்துக்கு முன் ‘இது மாமாவுக்கு, காய்ச்சல், காரம் கம்மி’ என்று உரக்கச் சொன்னால் மனைவி என்னை அடுப்பை விட்டு நகரச் சொல்கிறாள்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரோடு சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். பாதிப் பேரிடம் மட்டும், எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் சொன்னபடி அனுப்பினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். ஆசை இரண்டு பக்கமும் ஒன்றுதான், விடுமுறைச் சோம்பலும் ஒன்றுதான். இதைப் படித்தபோது எனக்கு வீட்டுப் பூஜைகளில் கேட்கிற சங்கல்பம் ஞாபகம் வந்தது. வருஷம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று அது நீண்டுகொண்டே போகும். சின்ன வயதில் அது எப்போது முடியும், சுண்டல் எப்போது வரும் என்று காத்திருப்பேன். என்ன வேண்டும் என்பது கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் எங்கே, எப்போது, யார் என்பதைச் சொல்லி அந்த மனிதரை அந்த இடத்தில் நன்றாக உட்கார்த்திவிடுகிறார்கள். சங்கல்பம் என்றால் மனஉறுதி என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது இந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது.

சொல்வது என்றால் வாயால் சொல்வதா, மனதுக்குள் சொன்னால் போதாதா? இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது அம்மாவின் கண்ணில்.

2023இல் அம்மாவுக்கு வலக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் இரண்டு வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கோத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டாள். ஆபரேஷனுக்கு அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு நர்ஸ், “எந்தக் கண்ணும்மா?” வலது என்றாள். புருவத்துக்கு மேலே ஒரு அடையாளம் வைத்தார்கள். சொட்டு மருந்து விட வந்தவர் மறுபடி கேட்டார். தியேட்டருக்குள் கூட்டிப்போக வந்தவரும் பேரைச் சொல்லச் சொல்லி, எந்தக் கண் என்று கேட்டார். “எழுதி வச்சிருக்கீங்க, பொட்டு வச்சிருக்கீங்க, இன்னும் எத்தன தடவதான் கேப்பீங்க?” என்று அம்மா அலுத்துக்கொண்டாள். வெளியே வந்து படுத்திருந்தபோது என்னிடம் சொன்னாள்: “உள்ள போயும் கேட்டாங்கடா. டாக்டரே வாய்விட்டுச் சொன்னாரு, இன்னாருக்கு, வலது கண்ணுன்னு. அப்புறம்தான் தொட்டாரு.” அவள் முகத்தில் இருந்த திருப்தி, தொழில் தெரிந்த ஒருத்தரை இன்னொருத்தர் கண்டுகொண்ட திருப்தி.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கென்று 19 வரிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அறையை விட்டுப் போவதற்கு முன் என்று மூன்று இடத்தில் எல்லோரும் கையை நிறுத்த வேண்டும். கத்தி வைப்பதற்கு முன், அறையில் இருப்பவர்கள் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்த இடம் என்பதை உரக்கச் சொல்லி ஒத்துக்கொள்ள வேண்டும். டெல்லி, லண்டன், மணிலா உட்பட எட்டு இடங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2009 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8க்கு வந்திருந்தது. சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7க்கு.

இத்தோடு நிறுத்தினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் 2014இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. பட்டியலைக் கட்டாயமாக்கிய பிறகு அங்கே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஏன் என்று பலரும் பலவிதமாக வாதிட்டார்கள். நின்று சொல்வது வேறு, ஃபாரத்தில் டிக் அடிப்பது வேறு என்பது அவற்றில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. ஆனால் ‘உ’ போடுவதைப் பற்றி எனக்குத் தெரியும். பரீட்சைத்தாளில் ‘உ’ போட்டுவிட்டு ஒன்றும் படிக்காமல் எழுதிய அனுபவம் நிறைய. அம்மாவின் நோட்டிலேயே ‘உ’ எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி சுழிந்திருக்கிறது, கை தானாகப் போட்டது. அடுத்த வரிதான் ஒரு பக்கத்தைப் போல இன்னொன்று இல்லை. என் மானிட்டர் சீட்டுக்கும் அந்தக் கதி வந்தது. ஆறாவது மாதத்தில் அது சுவரில் அடித்த ஆணி மாதிரி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. கிழித்துவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் புதுத்தாளில் கையால் எழுத ஆரம்பித்தேன்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை. கையெழுத்துப் பிரதியைப் படிப்பதற்கு முன்பே, பின்னட்டைக் குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு வரியை எழுதிவிட்டேன்: ‘ஊரை விட்டுப் போனவர்களின் ஏக்கம்.’ வேலை பாதியில் கதைகளைப் படித்தால், ஏக்கமெல்லாம் இல்லை, எல்லாம் கிண்டல். போனவர்களையும் இருப்பவர்களையும் சேர்த்துச் செய்கிற கிண்டல். ஆனாலும் எழுதிவிட்டோமே என்று ஒற்றைப் பனைமரமும் சாயங்கால வானமுமாக முடித்தேன். அந்த ஆசிரியர் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்போதிலிருந்து வரியைப் பென்சிலில்தான் எழுதுகிறேன். தையலிலும் கத்திரிக்கு முன்னால் சாக்கால் போட்ட கோடுதானே.

இந்த இடத்தில் நன்னூல் மறுபடி என்னைப் பிடித்தது. பாயிரத்தை யார் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு சூத்திரம்: தன் ஆசிரியன், தன்னோடு படித்தவன், தன் மாணவன், தகுந்த உரைகாரன். இந்த நாலு பேர். எழுதியவன் பேர் அதில் இல்லை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடியவர் பனம்பாரனார், தொல்காப்பியரோடு படித்தவர் என்பது மரபு. அதாவது, நூலின் முகப்பில் நிற்கிற பாயிரம் நூல் முடிந்த பிறகு இன்னொருவர் வாயிலிருந்து வருவது. முதலில் இது என் கொள்கைக்கு வேட்டு வைப்பதாகத் தோன்றியது. நான் தொடங்குவதற்கு முன்னால் சொல்லச் சொல்கிறேன், அவர்கள் முடிந்த பிறகு அடுத்தவரைச் சொல்லச் சொல்கிறார்கள். பிறகு இரண்டையும் செய்து பார்த்தேன். பென்சில் வரியை மடித்து வைத்துவிடுவேன். வேலை முடிந்ததும் அது தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இது யாருக்கு, எதுக்கு என்று கேட்பேன். பெரும்பாலும் மனைவி, சில சமயம் பால்காரர். அவர்கள் சொல்வதும் மடித்த தாளில் இருப்பதும் ஒத்துப்போனால் அனுப்பிவிடுவேன். ஒத்துப்போகாத நாட்களில் பாதி என் வேலை தப்பு, பாதி என் வரி தப்பு. பால்காரர் தப்பாகச் சொன்னதாக இதுவரை ஒருமுறைகூட முடிவுக்கு வர முடியவில்லை.

கட்டுப் பிரித்த வாரம் அம்மா என் பழைய மாதிரிகளை எல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற பசி கண்ணுக்கு. அந்த 2016 நோட்டீஸ் கையில் சிக்கியது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எழுத்து நல்லாத்தான்டா இருக்கு. இதப் போன மாசம் குடுத்திருந்தா வெறும் காயிதம்னு நெனச்சிருப்பேன்.”

மறுநாள் மெஷின் மேல் கிடந்த துணியை உருவினாள். வெள்ளைக் காடாத் துணியில் ஒரு பிட்டு விரித்தாள். பதினாறாவது நோட்டில் மிச்சமிருந்த ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினாள். அளவெடுக்க ஆள் யாரும் வந்திருக்கவில்லை. டேப்பைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ எழுது. நான் சொல்றேன்.”

‘உ’ போட்டேன்.

“வயசானவ. கை ரொம்பத் தூக்க மாட்டா. கொக்கி பெருசா, முன்னாடி.” கொஞ்சம் நிறுத்தினாள். நான் பேனாவை மூடப் போனேன். “இரு, முடியல. மெஷின்ல உக்காருவா. முதுகு வளையும், பின்னாடி ஒரு இஞ்சு கூட வச்சுக்க.”